கை ஓய்ந்தவனுக்குத் துறை எது?
(டோல்கேட் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பத்தாண்டு நிறைவு விழாவில் வெற்றியைப் பாடுவதே மரபு. நானோ ரிங்கு சிங் என்னும் பந்தெறிவாளரைப் பற்றிச் சில சொல்ல விழைகிறேன். உத்தரப் பிரதேசச் சிற்றூரில் பிறந்தவர். ஈட்டி எறிந்து பழகிய இடக்கையர். 2008ஆம் ஆண்டு அமெரிக்க முகவர் ஒருவர் இந்தியாவில் நடத்திய வேகப்பந்துத் தேர்வில் முதலிடம் பெற்று, ஓரிலட்சம் டாலர் பரிசு கொண்டார். பேஸ்பால் என்னும் ஆட்டத்தை அதற்குமுன் அவர் ஆடியதே இல்லை! அவ்வாண்டு நவம்பரிலேயே, உடன் தேர்வு பெற்ற தினேஷ் பட்டேலும் அவரும் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியில் ஒப்பந்தமாயினர்.

ஈட்டி எறிபவன் ஓடிவந்து எறிகிறான். தொலைவே அவன் கணக்கு. பேஸ்பாலிலோ மேட்டில் நின்றவாறே, 60 அடி 6 அங்குலத்துக்கு அப்பாலுள்ள சிறு இலக்குக்குள் பந்தைச் செலுத்த வேண்டும். அதுவும் நூறு முறை, ஒவ்வொரு முறையும் மட்டைக்காரனை ஏமாற்றி. கையில் வேகம் இருந்தது. அமெரிக்கச் சிறுவர் பள்ளிப் பருவத்தில் பயின்றதை இவர்கள் இருபதாம் அகவையில் தொடங்கினர். 2009இல் தொடக்கநிலைக் களத்தில் இறங்கி, அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பால் ஆடிய முதல் இந்தியர் ஆயினர். 2010இல் தினேஷை அணி விடுவித்தது. ரிங்கு மேலும் ஓரிரு படி ஏறினார். பிறகு முழங்கை பழுதுற்றது, அறுவைச் சிகிச்சை, காத்திருப்பு. தலைமைக் களத்தில் ஒரு பந்தும் எறியாமலே அவ்வாழ்வு முடிந்தது. 2018இல் மற்போர்க் காட்சி அரங்குக்குச் சென்றார்.

2014இல் இக்கதை திரைப்படமாயிற்று; இசை நம் ஏ.ஆர். ரகுமான். படம் ஒப்பந்தத்தோடு நின்றுவிடுகிறது. நம் கவியரங்கப் பாட்டுகளும் பெரும்பாலும் அங்கேயே நிற்கின்றன என்பது என் மனக்குறை. (கைதட்டலுக்கு அதுதான் வசதி போலும்.)

தலைவன் மாய்ந்தபின் இரங்குவதைக் கையறுநிலை என்றனர் முன்னோர். ஆள் இருக்கிறான், கை மட்டும் ஓய்ந்தது. அவனை எத்துறையில் பாடுவது? துறைமுகத்தில் மூட்டை சுமந்து தோள் இறங்கியவர்கள் வாழும் பகுதி இது. அவர்களுக்கு இக்கேள்வி அயலானது அன்று. புறத்துறைகளுள் தேடிப் பார்த்தேன். எதுவும் முழுதாகப் பொருந்தவில்லை. கவிஞர்கள் எவரேனும் அத்துறைக்குப் பெயரிட்டு, அடுத்த திங்கள் ஒரு பாட்டோடு வந்தால் முதல் ஆளாய் அமர்ந்து கேட்பேன்.