ஒளியும் மூலக்கூறும்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



"கலாநிதிப் பட்டம் பெற்ற பின்னும் என்ன ஆராய்ச்சி? அதனால் யாருக்குப் பயன்?" என்று பெரியோர் கேட்பதை நாம் அறிவோம். ஒளியினால் மூலக்கூறுகளில் நிகழும் மாற்றங்களைக் குவாண்டம் கொள்கை கொண்டு ஆராயும் இளைஞர்க்கு இக்கேள்வி புதியதன்று. விடையோ நம் கண்ணுக்குள்ளேயே இருக்கின்றது.

விழித்திரையில் ரெற்றினல் என்னும் மூலக்கூறு, ஒரு புரதத்தினுள்ளே வளைந்து கிடக்கின்றது. ஒளி பட்டதும் அதன் இரட்டைப் பிணைப்பு ஒன்று முறுகி, மூலக்கூறு நிமிர்கின்றது. பார்வையின் முதற்படி இதுவே. 1991ஆம் ஆண்டு பேர்க்கிலியில் அளந்தபோது, இம்மாற்றம் ஏறத்தாழ 200 பெம்தோ செக்கனில் நிகழ்வது தெரிந்தது. ஒரு செக்கனை ஐந்து இலட்சம் கோடி கூறாக்கினால், அவற்றுள் ஒரு கூறு அது!

இத்துணை விரைவு எவ்வாறு வந்தது? அணுக்கருக்கள் பாரமானவை, மெல்ல நகர்வன. இலத்திரன்கள் இலேசானவை, உடனுக்குடன் இசைவன. ஆதலால் இரண்டையும் வேறுவேறாகக் கணிக்கலாமென 1927இல் போர்ணும் ஒப்பன்ஹைமரும் காட்டினர். ஒளியுண்ட மூலக்கூறில் இம்முறை சிலவேளை பொய்த்துவிடும். மேல்நிலைச் சக்திப் பரப்பும் கீழ்நிலைப் பரப்பும் கூம்பு முனைகள் போல ஓரிடத்தில் தொடலாம். அங்கே வந்த மூலக்கூறு, ஒளியை வெளிவிடாமலே கீழ்நிலைக்கு இறங்கிவிடும். இதனை 1937இல் எட்வேட் ரெல்லர் விளக்கினார். அதைச் சோதிக்கத்தக்க வேகமான கருவி அந்நாளில் இல்லை. 73 ஆண்டுகளின் பின், 2010இலே, மிலானில் நடந்த சோதனையும் பொலோஞாவில் செய்த கணிப்பும் சேர்ந்து, ரெற்றினல் அத்தகைய சந்திப்பைக் கடப்பதன் அடையாளங்களைக் காட்டின.

வேலை முடிந்துவிடவில்லை. புரதத்தினுள்ளே, உட்கொள்ளப்பட்ட நூறு ஒளித்துணிக்கைகளில் ஏறத்தாழ 65 பயன்தருகின்றன. வெறுங் கரைசலிலோ அவ்விரைவுமில்லை, அத்திறனுமில்லை. ஆயிரக்கணக்கான அணுக்களைக் கொண்ட புரதம் இதனை எவ்வாறு சாதிக்கின்றது? அனைத்தையும் குவாண்டம் முறையில் முற்றாகக் கணிக்க எந்தக் கணினிக்கும் இயலாது. எதனை விடுவது, எதனைக் கொள்வது என்று ஆய்ந்தறிவதே பட்டம் பெற்றபின் அவ்விளைஞர் செய்யும் பணி.

இளைஞர்களே, கணிதம், பௌதிகம், இரசாயனம் மூன்றையும் பிரிக்காது பயிலுங்கள். பெரியோர்களே, நிலையான உத்தியோகமின்றி உங்கள் பிள்ளை இன்னுஞ் சில ஆண்டு ஆராயப் போவதானால், பொறுத்தருளுங்கள். ரெல்லரின் கட்டுரைக்குப் பயன் என்னவென்று 1937இல் எவரும் கேட்டிருக்கலாம். அவ்வாறு கேட்டவர் கண்ணிலும் அந்நிகழ்ச்சி நடந்துகொண்டுதான் இருந்தது.