காப்பி இயந்திரத்தின் திருகு

தமிழகத்தை விட்டுத் தில்லிக்கு வந்து குடியேறிய நம்மவர் இல்லங்களில் காலைதோறும் எழும் குறை ஒன்று உண்டு. ஊரில் பருகிய காப்பி இங்கே வாய்ப்பதில்லை என்பதே அது. சிலர் தண்ணீரைப் பழிப்பர். சிலர் எருமைப்பாலைப் பழிப்பர். நாங்களும் நெடுநாள் இரண்டையுமே பழித்து வந்தோம்.

ஊரிலிருந்து எங்கள் அன்னையார் வந்திருந்தார். ஒரு வாரமாக டம்ளரில் பாதிக் காப்பியை மிச்சம் வைத்தாரே ஒழியக் குறை ஒன்றும் கூறவில்லை. ஒருநாள் நாங்கள் அரைத்த தூளை இரு விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தார். "ஊர்த் தண்ணீரை ஏனப்பா திட்டுகிறாய்? மிஷினின் திருகைத் தளர்த்து" என்றார்.

கையால் சுற்றும் இயந்திரத்தினுள் பற்களுடைய இரண்டு இரும்பு உறுப்புகள் உள்ளன. ஒன்று அசையாது நிற்க, மற்றொன்று சுழலும். திருகை இறுக்கினால் இடைவெளி குறைந்து தூள் நுண்ணியதாகும், தளர்த்தினால் பருமனாகும். தூள் பருமனானால் வெந்நீர் விரைந்து இறங்கிவிடும். சாரம் தூளிலேயே தங்கிவிடும். மிக நுண்ணியதானாலோ வடிகட்டியின் துளைகள் அடைபடும். நீர் தேங்கிக் கசப்பு ஏறும். காப்பி கெட்டியாக வேண்டுமென்று நாங்கள் திருகை மேலும் மேலும் இறுக்கியிருந்தோம். அலுவலகத்துக்கு நேரமாகிறதென்று வடிகட்டியைத் தட்டித் தட்டி இறக்கியதெல்லாம் அந்தக் கசப்பே!

சரிசெய்யும் முறை எளிது. கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே திருகைக் கால் சுற்று மட்டும் மாற்றுக. பற்களிடையே பழைய தூள் தங்கியிருக்குமாதலால், முதலில் விழும் ஒரு பிடியை ஒதுக்கிவிடுக. அடுத்து விழுவதை விரலால் தேய்த்துப் பார்க்க. அது ரவையினும் நுண்ணியதாய், மாவினும் பருமனாய் இருத்தல் வேண்டும். முடிவான சோதனை வடிகட்டியே. வீட்டு வடிகட்டியில் டிகாக்‌ஷன் கால் மணி முதல் இருபது நிமிடத்துக்குள் சொட்டுச் சொட்டாக இறங்கினால் பதம் சரி. அதுவரை கொட்டை, வறுவல், தூளின் அளவு ஆகியவற்றை மாற்றலாகாது. மாற்றினால் குறை எதனால் நேர்ந்ததென்று விளங்காது.

ஒருமுறை அமைத்த திருகு என்றைக்கும் பொருந்தும் என்றும் எண்ணலாகாது. கருக வறுத்த கொட்டை எளிதில் நொறுங்கும், இளவறுவல் கடினமாயிருக்கும். நாளடைவில் பற்களும் தேயும். பற்களில் படிந்த பழைய தூளின் எண்ணெய் சிக்கு வாடை தருமாதலால், உலர்ந்த தூரிகையால் அவ்வப்போது துடைத்தல் வேண்டும். தண்ணீர் விட்டுக் கழுவினால் இரும்பு துருப்பிடிக்கும்.

மூன்றாம் முறை திருகிய பின், மறுநாட் காலை அன்னையார் டம்ளரைக் காலி செய்து டவராவில் கவிழ்த்து வைத்தார். அன்றும் ஒன்றும் கூறவில்லை. தண்ணீர் அதே தில்லித் தண்ணீர். பாலும் அதே எருமைப்பால். வந்து சேர்ந்த ஊரைக் குறைகூறுமுன், நேயர்களே, நம் கையிலுள்ள திருகை ஒருமுறை பார்த்துக்கொள்வது நலம்.