அச்சில் வந்தால் உண்மையாகிவிடுமா?

(ஒரு வாசகசாலை ஆண்டு விழாவில் பேசியதன் சாரம்)



பத்திரிகைத் தொழிலைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறீர்கள். "பேப்பரிலேயே போட்டிருக்கிறானே, பொய்யாக இருக்குமா?" என்று நம்மில் அநேகர் கேட்கிறார்கள். ஏட்டில் எழுதியிருக்கிறது, ஆகவே மறுபேச்சுக் கூடாது என்று நம் பாட்டன் சொன்னதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? ஓலை போய்க் காகிதம் வந்ததே தவிர, குருட்டு நம்பிக்கை போகவில்லை.

ஒரு விருத்தாந்தம் சொல்லுகிறேன். நியூயார்க் நகரத்தில் 1833-ல் பெஞ்சமின் டே என்பவர் "சன்" என்ற தினசரியை ஆரம்பித்தார். மற்றத் தினசரிகள் 6 சென்டுக்கு விற்ற காலத்தில் இதன் விலை 1 சென்ட். கூலிக்காரனும் வாங்கிப் படிக்கும்படி ஆயிற்று. இது நல்ல காரியம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இம்மாதிரிப் பத்திரிகைக்கு வரும்படி முக்கியமாய் விளம்பரத்தில்தான். ஏராளமான பேர் வாங்கினால்தானே விளம்பரக்காரன் பணம் கொடுப்பான்? ஆகவே, எது உண்மை என்பதைவிட எது விற்கும் என்பதே பெரிய கேள்வியாய்விட்டது.

1835 ஆகஸ்டில் அப்பத்திரிகையில் ஆறு வியாசங்கள் வந்தன. ஜான் ஹெர்ஷல் என்ற வானசாஸ்திரி தென்னாப்பிரிக்காவில் பிரம்மாண்டமான தூரதரிசினி வைத்துப் பார்த்தாராம். சந்திரனில் காடும் கடலும், வௌவாலைப்போல் இறக்கை முளைத்த மனிதர்களும் இருக்கக் கண்டாராம்! ஹெர்ஷல் அங்கே இருந்தது நிஜம். கண்டதாகச் சொன்னதெல்லாம் புளுகு. ஆதாரமாகக் காட்டிய எடின்பரோ சாஸ்திரப் பத்திரிகையோ அதற்கு முன்பே நின்றுபோனது! ஆனாலும் ஜனங்கள் நம்பினார்கள். பத்திரிகை அமோகமாய் விற்றது. பொய் என்று வெளிப்பட்ட பிறகும் அது மன்னிப்புக் கேட்கவில்லை, நின்றுபோகவும் இல்லை.

இனி நம் தேசத்துக்கு வாருங்கள். 1780-ல் கல்கத்தாவில் ஹிக்கி என்பவர் இந்தியாவின் முதல் அச்சுச் செய்திப் பத்திரிகையை நடத்தினார். அவரும் வம்புப்பேச்சு எழுதாதவரல்ல. ஆனால் கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ் மீதே ஊழல் குற்றம் சாட்டி எழுதினார். அவதூறு வழக்குப் போட்டுச் சிறையில் தள்ளினார்கள். சிறைக்குள்ளிருந்தும் பத்திரிகையை விடாமல் நடத்தினார். 1782-ல் அச்செழுத்துக்களைப் பறிமுதல் செய்தார்கள், பத்திரிகை ஒழிந்தது.

தோழர்களே! சந்திரனைப் பற்றிப் புளுகினவனுக்கு லாபம். அதிகாரியைக் கேள்வி கேட்டவனுக்குச் சிறை. இதில் பத்திரிகைக்காரனை மாத்திரம் வைது பிரயோசனமில்லை. காசு கொடுத்துப் புளுகை வாங்கினது யார்? நெருக்கடி வந்தபோது யோக்கியமான பத்திரிகைக்குச் சந்தா கட்டாமல் கைவிடுகிறது யார்? நாம்தானே!

ஆகையால் எந்தச் சேதியைப் படித்தாலும் கேளுங்கள்: இதைக் கண்டவன் யார்? ஆதாரம் எங்கே? நான் இதை நம்பினால் யாருக்கு லாபம்? நம் கட்சிப் பத்திரிகையானாலும் இந்தக் கேள்வியை விடாதீர்கள். நான் இப்போது சொன்னதையும் விசாரித்துப் பார்த்து, உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் மாத்திரம் ஒப்புக்கொள்ளுங்கள், இல்லையேல் தள்ளிவிடுங்கள்.