குத்தகை லாரியும் கூலிச் சாரதியும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

கூலிக்கு உழைப்பவன் ஒரு நாள் தானே முதலாளியாக வேண்டும் என்று விரும்புவது இயல்பு. அவ்விருப்பம் இல்லையேல் தொழில் விருத்தி ஏது? ஆயினும் முதலாளி என்னும் பெயர் வேறு. முதலாளியின் நிலை வேறு. பெயரை மட்டும் கொடுத்துவிட்டு, முதலாளிக்குரிய நஷ்டங்களைத் தொழிலாளியின் தலைமேல் ஏற்றும் ஏற்பாடுகளும் உலகில் உண்டு. அவற்றுள் ஒன்றைக் கணக்கெடுத்துப் பார்ப்பதே இன்றைய நமது நோக்கம். அமெரிக்க ஐக்கிய நாடுகளில், லாரிக் கம்பெனிகள் தம்மிடம் வேலை செய்யும் சாரதிகளுக்கே லாரியைக் குத்தகைக்கு விடும் வழக்கமே அது.

கடல் கடந்த நாட்டுச் செய்தியால் நமக்கு ஆவதென்ன என்று சிலர் எண்ணலாம். தொழிலின் பொருட்டுப் பிள்ளைகளை அயல்நாடுகளுக்கு அனுப்பும் குடும்பங்கள் இக்காலத்தில் பலவாகிவிட்டன. அவர்கள் எத்தொழிலில் புகினும் ஒப்பந்தப் பத்திரம் ஒன்று அவர்கள் முன் நீட்டப்படும். அப்பத்திரத்தைப் பென்சிலும் காகிதமுமாக உட்கார்ந்து படிக்கும் முறைக்கு இஃதொரு நல்ல பாடமாகும்.

முதலில் தொழிலின் தன்மையை அறிவோம். அந்நாட்டு நெடுஞ்சாலைகளில் ஓடும் பதினெட்டுச் சக்கர லாரி, சரக்கும் தானுமாக 80,000 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 36 டன் வரை எடை கொள்ளலாம் என்பது பொது விதி. கம்பெனிச் சாரதிக்குப் பெரும்பாலும் மைல் கணக்கில் கூலி. லாரி, டீசல், டயர், பழுதுபார்த்தல், இன்ஷூரன்ஸ் யாவும் கம்பெனியின் பொறுப்பு. 1980 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட மோட்டார் போக்குவரத்துச் சட்டம் சரக்குக் கட்டணங்களின்மேல் இருந்த சர்க்கார் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. அதுமுதல் கம்பெனிகளுக்குள் போட்டி கடுமையாயிற்று. செலவைப் பிறர்மேல் தள்ளும் நாட்டமும் வளர்ந்தது.

குத்தகை ஏற்பாட்டில் கம்பெனி சாரதியை நோக்கி, "இனி நீர் எமது வேலையாள் அல்லர், தனித் தொழிலதிபர். இந்த லாரியை வாரவாடகைக்கு எடுத்துக்கொள்ளும். மைலுக்கு இரண்டு மூன்று மடங்கு தருகிறோம். தவணை முடிந்தபின் லாரி உமதாகலாம்" என்று சொல்லும். கேட்பதற்கு இனிய சொற்கள்! இனி இதனைக் கணக்கில் இட்டுப் பார்ப்போம். பின்வரும் தொகைகள் விளக்கத்தின் பொருட்டு நாம் வைத்துக்கொண்டவை. கம்பெனிக்குக் கம்பெனி, ஆண்டுக்கு ஆண்டு அவை மாறும்; கணக்கின் முறை மாறாது.

வாரத்திற்குக் கூலி பெறும் தூரம் 2,500 மைல் என்று கொள்வோம். கம்பெனிச் சாரதிக்கு மைலுக்கு 60 சென்ட் வீதம் வாரக் கூலி 1,500 டாலர். குத்தகைச் சாரதிக்கு மைலுக்கு 1 டாலர் 75 சென்ட் வீதம் 4,375 டாலர். ஒன்றுக்கு மூன்றாகத் தோன்றுகிறதன்றோ? மயக்கம் பிறக்குமிடம் இதுவே.

செலவைப் பார்ப்போம். சரக்கை இறக்கியபின் அடுத்த சரக்கு இருக்குமிடத்திற்கு வெறும் வண்டியாய் ஓடும் தூரம் வாரத்திற்கு 300 மைல் எனக் கொண்டால், ஓடிய தூரம் 2,800 மைல். காலனுக்கு 7 மைல் வீதம் 400 காலன் டீசல். காலன் 4 டாலர் வீதம் 1,600 டாலர். லாரி வாடகை 1,000. இன்ஷூரன்ஸ் 200. டயருக்கும் பழுதுக்குமாக மைலுக்கு 15 சென்ட் வீதம் ஒதுக்க வேண்டியது 420. உரிமக் கட்டணம், கருவிக் கட்டணம் முதலிய சில்லறைப் பிடித்தங்கள் 105. ஆக மொத்தம் 3,325 டாலர். மிஞ்சுவது 1,050 டாலரே.

வரி இன்னும் உண்டு. வேலையாளாய் இருப்பவன் ஓய்வூதியம், முதியோர் மருத்துவம் ஆகியவற்றிற்காகத் தன் பங்காகக் கூலியில் நூற்றுக்கு 7.65 கொடுக்கிறான், அதே அளவு முதலாளியும் கொடுக்கிறார். தனித் தொழிலதிபன் எனப்பட்டவனோ இரண்டு பங்கையும் சேர்த்து 15.3 விகிதம் கொடுக்க வேண்டும். அவ்வரிக்குக் கணக்கிடும் முறையில் சிறு சலுகை உண்டு; அதையும் சேர்த்துப் பார்த்தால், வருமான வரிக்கு முன் கம்பெனிச் சாரதியின் கையில் ஏறக்குறைய 1,385 டாலரும், குத்தகைச் சாரதியின் கையில் ஏறக்குறைய 902 டாலரும் நிற்கும். முதலாளியானதற்குக் கிடைத்த பரிசு, வாரந்தோறும் 480 டாலருக்கு மேல் குறைவு!

இது நல்ல வாரத்தின் கணக்கு. சரக்குக் குறைந்து பாதித் தூரமே ஓடிய வாரத்தில், கம்பெனிச் சாரதி 750 டாலர் பெறுவான். குத்தகைச் சாரதியின் வரவு 2,187 டாலர் 50 சென்ட். டீசலும் பழுதும் பாதியாகும். வாடகை, இன்ஷூரன்ஸ், சில்லறைப் பிடித்தம் ஆகிய 1,305 டாலர் மட்டும் பாதியாகாது. கூட்டினால் செலவு 2,315 டாலர். வாரமெல்லாம் உழைத்தும் 127 டாலர் 50 சென்ட் கடன்! லாரி பட்டறையில் கிடந்த வாரத்திலோ 1,305 டாலரும் நஷ்டம். யானையைக் கட்டித் தீனி போடுவது என்பதன் பொருள் அப்பொழுது விளங்கும்.

இவ்வீதத்தில் குத்தகைச் சாரதி, வரிக்கு முன், கம்பெனிச் சாரதிக்குச் சமமாக வேண்டுமானால் எத்தனை மைல் ஓட வேண்டும்? கூலி மைல் ஒன்றுக்கு டீசலும் பழுதும் போக அவனுக்கு நிற்பது சுமார் 94 சென்ட். அதில் கம்பெனிச் சாரதி பெறும் 60 சென்டைக் கழித்தால் மேல்மிச்சம் சுமார் 34 சென்ட். இதைக்கொண்டு 1,305 டாலரை ஈடு செய்ய, வாரத்திற்கு ஏறக்குறைய 3,816 கூலி மைல் வேண்டும். வெறும் வண்டியோட்டத்தையும் சேர்த்தால் 4,270 மைலுக்கு மேலாகும். அந்நாட்டுச் சட்டமோ, நாளும் ஓடும் கம்பெனிகளின் சாரதிகள் எட்டு நாளில் 70 மணி நேரம் வேலை செய்தபின், தக்க ஓய்வு பெறாமல் வண்டியோட்டலாகாது என்று விதிக்கிறது. ஏற்றல், இறக்கல், காத்திருத்தல் எதுவுமின்றி அந்த 70 மணியும் 55 மைல் வேகத்தில் ஓடினாலும் 3,850 மைலே ஆகும். ஆகவே சட்டத்தை மீறாமலும் உறக்கத்தைத் துறக்காமலும் அடைய முடியாத தூரம் அது. இங்கே பணயம் வைக்கப்படுவது பணம் மட்டும் அன்று; சாலையிற் செல்வோர் உயிருமாகும்.

மைலுக்கு 2 டாலர் கிடைத்தால்? நியாயமான கேள்வி. அப்பொழுது 2,204 மைலிலேயே சமநிலை வந்துவிடும். 2,500 மைல் ஓடினால் வரிக்கு முன் கம்பெனிச் சாரதியைவிட 175 டாலர் மிகுதி. இரட்டை வரி போனால் மிகுதி 50 டாலர் அளவே. வேலையாளுக்குக் கம்பெனி அளித்துவந்த மருத்துவ இன்ஷூரன்ஸ் முதலியவற்றைத் தானே வாங்கினால் அதுவும் கரையும். எனினும் 25 சென்டு வேறுபாட்டில் ஒரு குடும்பத்தின் வாழ்வும் தாழ்வும் தொங்குகின்றன என்பதைக் காண்க. அந்த வீதத்தை நிர்ணயிப்பவர் யார்? சரக்கை எவருக்குக் கொடுப்பது என்று தீர்மானிப்பவர் யார்? கம்பெனியே. சாரதியின் வரவைத் தன் கையில் வைத்திருப்பவரும், அவனிடம் வாடகை பெறுபவரும் ஒருவரே. குத்தகையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

டீசல் விலையும் நிலைத்ததன்று. 2022 ஜூன் மாதத்தில் அந்நாட்டுச் சராசரி விலை காலனுக்கு 5 டாலர் 80 சென்டைக் கடந்தது. 2021 ஆம் ஆண்டில் உச்சத்திலிருந்த சரக்குக் கட்டணங்கள் 2022 இல் சரியலாயின. உச்சகாலத்து வாடகைக்குக் கையெழுத்திட்டவனுக்கு, கட்டணம் சரிந்தபோது வாடகை சரியவில்லை.

இனி, "லாரி உமதாகும்" என்னும் வாக்கைப் பார்ப்போம். வாரம் 1,000 டாலர் வீதம் மூன்று ஆண்டில் 156,000 டாலர் செலுத்தப்படும். அதன்பின்னும் இறுதிப் பெருந்தொகை ஒன்று கேட்கும் பத்திரங்கள் உண்டு. கடனுக்கு வாங்கியவன் இடையில் லாரியை விற்றால், கடன் போக மிஞ்சுவது அவனுடையது. குத்தகைக்காரன் இடையில் நின்றால், கட்டியதெல்லாம் வாடகையாய்ப் போகும். பெரும்பாலும் ஒரு திருகாணிகூட அவனுக்குச் சொந்தமாகாது.

அந்நாட்டுச் சர்க்காரும் இதனை அறியாமலில்லை. குத்தகை வாய்மைச் சட்டவிதிகள் என்பவை, கூலியும் பிடித்தங்களும் பத்திரத்தில் தெளிவாய் எழுதப்பட வேண்டும், உரிய தஸ்தாவேஜுகளைக் கொடுத்த 15 நாளுக்குள் கூலி தீர்க்க வேண்டும், பிடித்து வைத்த பிணைத்தொகைக்கு வட்டி தர வேண்டும், ஒப்பந்தம் முடிந்த 45 நாளுக்குள் அத்தொகையைக் கணக்குடன் திருப்ப வேண்டும் என விதிக்கின்றன. 2021 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த விசாரணைக் குழு, 2025 ஜனவரியில் இவ்வகைக் குத்தகைக் கொள்முதல் ஏற்பாடுகளைத் தடைசெய்யுமாறே சிபாரிசு செய்தது. சட்டம் கணக்கை வெளிப்படுத்தச் செய்யும். நஷ்டக் கணக்கை லாபக் கணக்காக்குவது அதனால் ஆகாது.

அங்ஙனமாயின் சாரதி என்றும் கூலியாளாகவே இருக்க வேண்டுமா? வேண்டியதில்லை. ஆறு மாதச் செலவுக்குக் கைம்முதல் சேர்த்து, சிறு பழுதுகளைத் தானே நீக்கக் கற்று, பாங்கில் நியாய வட்டிக்குக் கடன் பெற்று, எந்தக் கம்பெனிக்கும் கொண்டுசெல்லக்கூடிய லாரியை வாங்கி, அத்தொழிலில் முன்னேறியவர்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்கள் முதலில் சேமித்தார்கள், பின்னர் வாங்கினார்கள்.

ஆகவே எந்தப் பத்திரம் முன்வந்தாலும் ஐந்து கேள்விகள் கேட்க வேண்டும். வேலை இல்லாத வாரத்திலும் கொடுக்க வேண்டிய தொகை எவ்வளவு? வரவின் வீதத்தை மாற்றும் அதிகாரம் யாருக்கு? இக்கருவியுடன் வேறொருவரிடம் வேலைக்குப் போகலாமா? இடையில் விலகினால் நமக்கு என்ன மிஞ்சும்? இதே ஏற்பாட்டில் இருப்பவரின் ஓராண்டுக் கணக்கைக் காட்டுவார்களா? விடை எழுத்தில் வரவில்லையேல் கையெழுத்தும் வரலாகாது. பத்திரத்தை வீட்டிற்குக் கொண்டுவந்து, குடும்பக் கணக்கை நடத்தும் தாய்மாரிடமும் காட்டுக. மாதக் கடைசியில் அரிசிக்கும் பள்ளிச் சம்பளத்திற்கும் என்ன வேண்டும் என்பதை அவர்களைவிட அறிந்தவர் யார்?

முதலாளியாக விரும்புவோம், அதற்கு முதலை முதலில் தேடுவோம்.