உண்டதும் உரைத்ததும்

உணவுக் கணக்கெடுப்பின் நம்பகத்தன்மையைப் பற்றிப் பேசக் குற்றாலத்தைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது அரிது. சாரல் பிடித்துவிட்டால் அருவிக்கரைக் கடைகளிலும், செங்கோட்டைக்குப் போகும் வழியில் பிரானூர் பார்டர் பரோட்டாக் கடைகளிலும் அடுப்பு அணைவதே இல்லை. அங்கே உண்பவர் ஒவ்வொருவருக்கும் ஏதோ ஓர் ஊரில் வீடு இருக்கிறது. அந்த வீட்டு வினாத்தாளில் இந்தப் பரோட்டா பெரும்பாலும் ஏறுவதில்லை. ஏன் என்று கேட்டால், மக்கள் பொய் சொல்கிறார்கள் என்பது எளிய விடை. மறந்துவிடுகிறார்கள் என்பது சற்று இரக்கமுள்ள விடை. இரண்டும் போதா. தவறான பதிலின் பெரும்பகுதி, எப்படிக் கேட்கிறோம், யாரிடம் கேட்கிறோம், பதிலால் அவருக்கு என்ன வரும் என்பவற்றில் பிறக்கிறது. ஆகவே அந்தப் பிழைக்கு ஒரு திசை உண்டு. திசையுள்ள பிழையை மாதிரியின் அளவைப் பெருக்கிப் போக்க முடியாது. இதுவே நான் அவைமுன் வைக்கும் வாதம்.

முதலில், பிழை இருக்கிறது என்பதற்குச் சான்று. ஒருவர் சொன்னதை அவர் சொல்லைக் கொண்டே சோதிக்க முடியாது. அவர் உடம்பைத்தான் கேட்க வேண்டும். ஹைட்ரஜன், ஆக்சிஜன் இரண்டின் கனமான ஐசோடோப்புகள் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்து, அடுத்த ஒன்றிரண்டு வாரம் சிறுநீரைச் சோதித்தால், அவை வெளியேறும் வேக வேறுபாட்டிலிருந்து உடம்பு வெளியிட்ட கரியமில வாயுவையும், அதிலிருந்து செலவான ஆற்றலையும் கணக்கிடலாம். எடை மாறாமல் இருந்தால் செலவும் வரவும் ஒன்றே. மனிதர்களிடம் 1982இல் முதன்முதலாகக் கையாளப்பட்ட இந்த முறை பல நம்பிக்கைகளை உடைத்தது. எவ்வளவு குறைத்து உண்டாலும் எடை இறங்கவில்லை என்று முறையிட்டவர்களை நியூயார்க்கில் சோதித்து 1992இல் வெளியிட்ட ஆய்வில், அவர்கள் உணவை 47 விழுக்காடு குறைத்தும் உடலுழைப்பை 51 விழுக்காடு கூட்டியும் சொல்லியிருந்தது தெரிந்தது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 2003இல் வெளியிட்ட ஆய்வு நம் வாதத்துக்கு இன்னும் நெருக்கமானது. முந்தைய 24 மணி நேரத்தில் என்ன உண்டீர்கள் என்று கேட்டபோது ஆண்கள் 12 முதல் 14 விழுக்காடும், பெண்கள் 16 முதல் 20 விழுக்காடும் ஆற்றலைக் குறைத்துச் சொன்னார்கள். எந்த உணவை எத்தனை முறை உண்பீர்கள் என்ற பட்டியலைக் கொடுத்து நிரப்பச் சொன்னபோது குறைபாடு மூன்றில் ஒரு பங்கைத் தொட்டது. அதே மனிதர்கள், அதே வயிறு. கேள்வி மாறியதும் பிழை இரு மடங்களவுக்கு ஏறியது.

நம் பக்கத்துக்கு வருவோம். இந்திய ஊட்டச்சத்து ஆய்வு குன்னூரில் 1918இல் மெக்காரிசன் என்ற ஆய்வாளரின் சிறிய ஆய்வுக்கூடமாகத் தொடங்கி, 1958இல் ஹைதராபாத்துக்குப் போனது. அங்கிருந்து 1972இல் அமைக்கப்பட்ட தேசிய ஊட்டச்சத்துக் கண்காணிப்பு மையம் தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் பல்லாண்டு கணக்கெடுத்தது. அது பின்பற்றிய முறை இது: வீட்டில் உலையில் போட்ட அரிசி எவ்வளவு, வெந்த சோறு எவ்வளவு, ஒவ்வொருவரும் உண்டது தரப்படுத்திய கிண்ணத்தால் எத்தனை என்று கேட்டு, விகிதம் போட்டு, ஆளுக்கு இத்தனை கிராம் அரிசி என்று கணக்கிடுவது. கணக்கில் குறையில்லை. ஆனால் தென்காசி வட்டாரத்து அடுப்படி அந்தக் கணக்குக்குள் முழுதாக அடங்குவதில்லை. இரவு மிஞ்சிய சோற்றில் நீர் ஊற்றி வைத்து, காலையில் மோர் விட்டுக் கரைத்துக் குடிக்கிறார்கள். அந்தப் பழையது எந்த நாளின் உணவு? நீரில் ஊறிய சோறு கிண்ணத்தில் கூடுதலாகத் தெரியும்; அளவு தப்பும். சோற்றை வடித்தால் கஞ்சி ஒரு பங்கை எடுத்துக்கொண்டு போகும். அதைக் குடித்தது யார் என்ற கேள்வி தாளில் இருக்காது. எல்லோருக்கும் பரிமாறிவிட்டுச் சட்டியில் ஒட்டியதைக் கடைசியில் உண்ணும் பெண்ணிடம் நீங்கள் எவ்வளவு சாப்பிட்டீர்கள் என்று கேட்டால், 'ஏதோ இருந்ததைச் சாப்பிட்டேன்' என்பார். அது மழுப்பல் ஆகாது. அவர் தனக்கென்று அளந்து போட்டுக்கொள்ளவே இல்லை; அளக்காத ஒன்றுக்கு அளவு கேட்கிறோம். பீடி சுற்றும் தட்டை மடியில் வைத்துக்கொண்டே இடையிடையே குடித்த டீயும் கடித்த வடையும் அவர் கணக்கில் சாப்பாடே இல்லை.

அடுத்தது, பதிலால் என்ன வரும் என்பது. வீட்டு வாசலில் அடையாள அட்டையோடு நிற்பவர் அரசாங்கத்து ஆள் என்றே கொள்ளப்படுகிறார். ரேஷன் கார்டுக்குப் பங்கம் வரும் என்று அஞ்சுபவர் ரேஷன் அரிசிதான் உண்கிறோம் என்பார். மதிப்புக் குறையும் என்று கூசுபவர் அதை இட்லிக்கு மட்டும்தான் போடுவோம் என்பார். சர்க்கரை நோயாளி இனிப்பைச் சொல்ல மாட்டார். வீட்டு ஆண் கடையில் தின்ற பரோட்டாவும் சால்னா எண்ணெயும், பதில் சொல்லும் மனைவிக்குத் தெரியவே தெரியாது. இந்தச் சிறு விடுபாடுகள் தேசிய அளவில் பெரிய விவாதமாகவே ஆயின. கிராமப்புற இந்தியரின் சராசரி கலோரி 1983இல் 2,240 ஆக இருந்து 2004-05இல் 2,047 ஆகக் குறைந்ததாகத் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு காட்டியது. வருமானம் உயர்ந்த காலத்தில் உணவு ஏன் குறைந்தது என்று பொருளியலாளர்கள் ஆங்கஸ் டீட்டனும் ஜான் திரேசும் 2009இல் கேட்டார்கள். உடலுழைப்பு குறைந்தது ஒரு காரணமாகலாம் என்றார்கள். லிசா ஸ்மித் 2015இல் மற்றொரு காரணத்தைச் சுட்டினார்: வெளியே உண்பது பெருகியது, கணக்கெடுப்பு அதைச் சரியாகப் பிடிக்கவில்லை. பிரானூர்க் கடைகளைப் பார்த்தவர்களுக்கு அந்த விளக்கம் வியப்பளிக்காது.

மறுப்புகள் உண்டு. எல்லோரும் ஒரே அளவில் குறைத்துச் சொன்னால் ஒப்பீடு கெடாதே என்பது முதல் மறுப்பு. ஒரே அளவில் சொல்வதில்லை என்பதே சான்று. உடல் பருத்தவர் அதிகம் குறைக்கிறார். நிறைய உண்பவர் குறைத்தும், குறைய உண்பவர் கூட்டியும் சொல்லும் போக்கும் உண்டு. அது உள்ள ஏற்றத்தாழ்வை மறைக்கும். எதிர்த்திசையிலும் ஒரு பிழை இருக்கிறது: செலவுக் கணக்கெடுப்பில், வேலையாளுக்குப் போட்ட சாப்பாடு முதலாளி வீட்டுக் கணக்கில் ஏறுகிறது; அதனால் வசதியான வீடு அதிகம் உண்பதாகவும் கூலி வீடு பட்டினி கிடப்பதாகவும் தோன்றும். இரண்டு பிழைகளும் ஒன்றையொன்று அழித்துவிடும் என்று நம்ப எந்த ஆதாரமும் இல்லை. நம்ப முடியாத அளவு குறைவாகச் சொன்னவர்களை நீக்கிவிடலாமே என்பது இரண்டாம் மறுப்பு. கோல்ட்பெர்க் 1991இல் வகுத்த எல்லை அதற்குத்தான். ஆனால் அந்த எல்லை, ஓய்வில் உடம்பு செலவிடும் ஆற்றலைக் கணிக்கும் அடிப்படை வளர்சிதை வீதச் சூத்திரங்களின்மேல் நிற்கிறது. அவை இந்தியர்களுக்கு வீதத்தைக் கூட்டிக் காட்டுகின்றன என்று பெங்களூரு ஆய்வுகள் எடுத்துக்காட்டியிருக்கின்றன. அதை அப்படியே போட்டால், உண்மையிலேயே அரைவயிறு உண்ணும் பெண்ணைப் பொய்யர் என்று தள்ளிவிடுவோம். நாம் தேடி வந்தவரே அவர்தான். எடைபோட்டே எழுதுவோம் என்பது மூன்றாவது. குன்னூர் ஆய்வாளர்கள் 1930களில் அப்படித்தான் செய்தார்கள். அதன் பயனை மறுக்க மாட்டேன். ஆனால் தராசு அடுப்படிக்குள் வந்த அன்று சமையலே மாறும். விருந்தாளி முன்னால் வெறும் துவையலும் சோறும் வைக்க எந்த வீட்டுக்கு மனம் வரும்?

அப்படியானால் கணக்கெடுப்பே வேண்டாமா? வேண்டும், பிழையையும் சேர்த்து அளக்கும் கணக்கெடுப்பு வேண்டும். 2019 நவம்பரில் பிறந்த இந்தத் தென்காசி மாவட்டத்திலேயே அதைச் செய்து பார்க்கலாம். ஒவ்வொரு ஆய்விலும் ஒரு சிறு பகுதியினரிடம் சிறுநீர் நைட்ரஜனைச் சோதித்துப் புரதக் கணக்கையாவது சரிபார்க்க வேண்டும். ஐசோடோப்பு நீரைவிட அதற்குச் செலவு மிகக் குறைவு. வெளியே உண்டதை உண்டவரிடமே கேட்க வேண்டும். அந்தந்த வீட்டுப் பாத்திரத்தாலேயே அளக்க வேண்டும். பழையதுக்கும் வடிகஞ்சிக்கும் தாளில் தனி வரி வேண்டும். சாரல் காலத்துக் கணக்கையும் மற்ற மாதங்களின் கணக்கையும் பிரித்துத் தர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சராசரி எவ்வளவு என்று அச்சிடும் அட்டவணையிலேயே அது எந்தப் பக்கம், எவ்வளவு சாய்ந்திருக்கக்கூடும் என்பதையும் அச்சிட வேண்டும். சத்துணவுக்கும் ரேஷனுக்கும் அளவு வகுப்பவர்கள் அந்த அட்டவணையைப் பார்த்தே வகுக்கிறார்கள். இந்த இரண்டு நாள் அமர்வுகளில் வாசிக்கப்படும் ஒவ்வொரு கட்டுரையையும் இந்தக் கேள்வியால் சோதியுங்கள் என்று கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.