முடி கொட்டுவது ஏன்? யாரைப் பார்க்க வேண்டும்?

(மேலப்பாளையத்தில் நடந்த மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

 

முடி கொட்டுகிறது என்றதும் நம் ஊரில் முதலில் தண்ணீரைத்தான் குறை சொல்வோம். தாமிரபரணித் தண்ணீரில் குளித்தவரை நன்றாக இருந்தது, போர் தண்ணீருக்கு மாறியதும் போய்விட்டது என்பார்கள். வளைகுடாவில் வேலை பார்க்கும் தம்பிமார் அந்த ஊர்த் தண்ணீரைச் சொல்வார்கள். உப்புத் தண்ணீர் முடியை முரடாக்கும், ஒடியவும் வைக்கும். ஆனால் சொட்டை விழுவதற்குக் காரணம் அதுவல்ல. இருபது, இருபத்திரண்டு வயதில் விமானம் ஏறுகிறார். பரம்பரைச் சொட்டை தொடங்குவதும் பெரும்பாலும் அந்த வயதில்தான். பழி தண்ணீர் மேல் விழுகிறது.

நம் தலையில் சுமார் 1 லட்சம் முடிகள் இருக்கின்றன. தினமும் 50 முதல் 100 வரை உதிர்வது இயல்பு. அந்த இடத்தில் புது முடி முளைத்துவிடும். பரம்பரைச் சொட்டையில் நடப்பது வேறு. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன், உடலில் டி.எச்.டி. என்ற பொருளாக மாறுகிறது. சிலருடைய முடி வேர்கள் பிறவியிலேயே இதைத் தாங்க மாட்டாதவை. அந்த வேர்கள் சிறுத்துக்கொண்டே வரும். முடியும் மெலிந்து பூனைமுடியாகி, கடைசியில் மறைந்துவிடும்.

பரம்பரை, ஹார்மோன் இரண்டும் சேர்ந்தால்தான் வழுக்கை என்பதை அமெரிக்க ஆய்வாளர் ஜேம்ஸ் ஹாமில்டன் 1942-ல் எடுத்துக்காட்டினார். பருவ வயதுக்கு முன்பே ஆண் ஹார்மோன் நின்றுபோனவர்களுக்கு வழுக்கை விழவில்லை என்று கண்டார். தாய்மாமனுக்குச் சொட்டை இருந்தால்தான் நமக்கும் வரும் என்பது பாதி உண்மை. இதற்கான மரபணுக்கள் வாப்பா வழியிலும் வரும், உம்மா வழியிலும் வரும்.

ஆண்களுக்கு நெற்றி ஓரமும் உச்சியும் காலியாகும். பெண்களுக்கு முன்நெற்றி முடி அப்படியே இருக்கும்; நடுவகிடு மட்டும் வருடா வருடம் அகலமாகும். மாதவிடாய் நின்ற பிறகு இது கூடுதலாகத் தெரியும்.

தாய்மார்கள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும். வயதுக்கு வந்த பெண்ணுக்கு முடி மெலிகிறது, மாதவிலக்கு தள்ளிப்போகிறது, முகத்தில் பருவும் மீசை முடியும் வருகிறது என்றால் அது பி.சி.ஓ.எஸ். என்ற ஹார்மோன் கோளாறாக இருக்கலாம். "கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்" என்று விட்டுவிடாதீர்கள். பின்னாளில் சர்க்கரை நோய்க்கும் குழந்தைப்பேறு தாமதத்துக்கும் அது வழிவிடும். இரத்தசோகை, தைராய்டு கோளாறு இரண்டாலும் முடி கொட்டும். சாதாரண இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

பிரசவம், கடும் காய்ச்சல் ஆகியவற்றுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாகக் கொட்டினால் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் சில மாதங்களில் திரும்ப வளர்ந்துவிடும். முக்காடு போடுவதால் முடி கொட்டாது. முடியை இறுக்கி இழுத்துக் கட்டுவதுதான் கெடுதல். வட்ட வட்டமாக விழும் புழுவெட்டு வேறு நோய். அதில் புழுவும் இல்லை, பூச்சியும் இல்லை. உடலின் எதிர்ப்புச் சக்தியே முடி வேரைத் தாக்குவதால் வருவது.

பரம்பரைச் சொட்டைக்கு மருந்து உண்டு. மினாக்சிடில் என்ற தடவும் மருந்து இரு பாலருக்கும் உண்டு. முதல் சில வாரங்களில் உதிர்வு கூடலாம். பலன் தெரிய நான்கிலிருந்து ஆறு மாதம் ஆகும். நிறுத்தினால் பலனும் போய்விடும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் இதைத் தவிர்க்க வேண்டும். ஃபினாஸ்டிரைடு மாத்திரை ஆண்களுக்கு உரியது. சிலருக்குத் தாம்பத்திய ஆர்வம் குறையலாம், மனச்சோர்வும் வரலாம். ஆகவே மருத்துவர் சீட்டில்லாமல் வாங்காதீர்கள். உடைந்த மாத்திரையைக் கர்ப்பிணிகள் தொடவும் கூடாது. வயிற்றில் உள்ள ஆண் குழந்தையைப் பாதிக்கும். வேர் செத்துப்போன இடத்தில் எந்த எண்ணெயும் முடி முளைக்க வைக்காது.

முடி நடும் சிகிச்சைக்கு அவசரப்படும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. 2016-ல் சென்னையில் அந்தச் சிகிச்சை செய்துகொண்ட ஒரு மருத்துவ மாணவர் உயிரிழந்தார். தகுதியுள்ள, பதிவுபெற்ற மருத்துவர்தான் இதைச் செய்ய வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. செய்பவர் யார், மயக்க மருந்து கொடுப்பவர் யார், அவசரத்துக்கு என்ன வசதி என்று கேட்காமல் நாற்காலியில் உட்காராதீர்கள்.

பாளையங்கோட்டை ஐகிரவுண்டில் உள்ள திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. விளம்பரத்தைப் பார்த்துப் பணத்தை இறைப்பதற்கு முன் அங்கே போய்க் காட்டுங்கள். மாதவிலக்கு எப்படி, என்னென்ன மருந்து சாப்பிடுகிறோம், குடும்பத்தில் யாருக்குச் சொட்டை என்று எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.

கடைசியாக, மாப்பிள்ளை பார்க்கும், பெண் பார்க்கும் குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். தலையில் முடி குறைந்ததைச் சொல்லி ஒரு பிள்ளையைத் தட்டிக்கழிக்காதீர்கள். அது அந்தப் பிள்ளை தேடிக்கொண்ட குறையல்ல. அந்தப் பேச்சுக்குப் பயந்துதான் பெண்பிள்ளைகள் நோயை மறைக்கிறார்கள், மருத்துவரிடம் வரத் தாமதிக்கிறார்கள்.