ஆவி உலவும் பங்களா

மாலை மங்கும் வேளையில் நுவரெலியா மலைகளின்மீது பனி இறங்கத் தொடங்கினால், பத்தடிக்கு அப்பால் நிற்கும் மரமும் கண்ணுக்குப் புலப்படாது. மேட்டிலே துரை பங்களாவின் விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டிருக்கும். இத்தகைய இடத்தில் ஆவிக் கதை பிறக்காமற்போனால்தான் வியப்பு!

காதலும் மர்மமும் ஆவியின் சாயலும் கலந்த ஆங்கில நாவல் ஒன்று, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தையே களமாகக் கொண்டு 1948ஆம் ஆண்டில் வெளிவந்தது. 'எலிபன்ட் வாக்' என்பது அதன் பெயர். 'யானைத் தடம்' என்று தமிழிற் கூறலாம். ஆசிரியர் ரொபர்ட் ஸ்டாண்டிஷ். அது டிக்பி ஜெரஹ்டி என்ற ஆங்கிலேயர் பூண்ட புனைபெயர். 1954இல் இக்கதை ஹாலிவுட் திரைப்படமாகவும் வந்தது. கதாநாயகியாக விவியன் லீ இலங்கைக்கு வந்து நடித்தார், நோயுற்று விலகினார், எலிசபெத் டெய்லர் அவர் இடத்தை ஏற்றார். தொலைவிலிருந்து எடுக்கப்பட்ட சில காட்சிகளில் இன்றும் விவியன் லீயின் உருவமே நடமாடுகிறது. ஆவிக் கதைக்குப் பொருத்தமான விபத்துத்தான்!

திரையில் கண்டபடி கதை இது. தோட்டத் துரை ஒருவர் இங்கிலாந்திலிருந்து புது மனைவியை அழைத்து வருகிறார். பங்களாவைக் கட்டியவர் அவருடைய காலஞ்சென்ற தந்தை. யானைகள் தலைமுறை தலைமுறையாக நீர் தேடிச் சென்ற வழியை மறித்து, வேண்டுமென்றே அவர் அந்த மாளிகையை எழுப்பினார். அவர் இறந்தும் வீட்டை ஆள்கிறார். அவர் காலத்து வழக்கம் எதையும் மாற்ற எவருக்கும் துணிவில்லை. தலைமைப் பணியாள் அப்புஹாமி, எஜமானரின் கல்லறையருகே நின்று அவரோடு பேசுகிறான். புது மணப்பெண்ணுக்கு உயிரோடிருக்கும் கணவனைவிட, இறந்த மாமனாரே பெரிய தடையாகிறார். இறுதியில் வாந்திபேதி பரவுகிறது. யானைகள் சுவரை உடைத்துப் புகுகின்றன. மாளிகை எரிந்து சாம்பலாகிறது.

இக்கதையைப் பற்றி வாசகர் எவ்வாறு கருத்துரைக்கலாம்? காதலை விரும்பிப் படிப்பவர், 'ஆவி எதற்கு? கணவன் மனைவியின் மனப்போராட்டமே போதாதா?' என்பார். மர்மத்தை விரும்புபவர் இதற்கு உடன்படார். 'பூட்டிய அறையும் கல்லறையும் இல்லாவிட்டால், இது வழக்கமான முக்கோணக் காதற் கதையாய்ப் போயிருக்கும். கண்ணாற் காணாத பேயே கண்டதைவிட அச்சம் தருவது' என்பார். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. ஆயினும், இக்கதையின் ஆவி வெறும் அலங்காரமன்று. பிறர் நடந்த பாதையை மறித்துக் கட்டிய வீட்டில் நிம்மதி இராது என்பதே கதையின் உயிர்நாடி. அந்தக் குற்றத்திற்கு உருவம் கொடுக்கவே ஆசிரியர் இறந்தவரை எழுப்பியிருக்கிறார்.

இந்தக் கருத்து மலைநாட்டு மக்களுக்குப் புதிதன்று. நுவரெலியாவில் மேஜர் தாமஸ் ரோஜர்ஸ் என்பவரின் சமாதி இருக்கிறது. பதுளைப் பகுதியில் அரசாங்க அதிகாரியாக இருந்த அவர், ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டுக் கொன்றவர் என்று பெயர் பெற்றவர். 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்டார். அதன் பின்னரும் மின்னல் அவரை விடவில்லை, சமாதிக் கல்லையும் தாக்கிப் பிளந்தது என்று இன்றும் சொல்லப்படுகிறது. ஆராய்ச்சியாளர் இதனை மலையுச்சியின் இயற்கை என்பர். மக்களோ யானையின் சாபம் என்பர். எழுதப்படாத இக்கதையும் எழுதப்பட்ட அந்நாவலும் கூறும் நீதி ஒன்றே.

இனி மூன்றாம் வாசகர் ஒருவர் உண்டு. லயத்துக் காம்பராவில் பிறந்து, தோட்டப் பாடசாலையில் எழுத்தறிந்தவர் அவர். அவர் கேட்கும் கேள்வி வேறு. 'யானைகள் வருகின்றன, துரை வருகிறார், ஆவியும் வருகிறது. பெரட்டுக் களத்தில் விடியுமுன் நின்ற எங்கள் மக்கள் எங்கே? வாந்திபேதி வந்தபோதுதானா நாங்கள் கதைக்குள் வருகிறோம்?' என்கிறார். இக்கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

ஏனெனில், இந்நாவல் வெளிவந்த அதே 1948ஆம் ஆண்டிலேதான் இலங்கைக் குடியுரிமைச் சட்டமும் வந்தது. ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட இந்திய வம்சாவளித் தமிழருள் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1947இல் அவர்கள் வாக்களித்துத் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் சென்றவர் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை. அடுத்த பொதுத் தேர்தலில் அவர்களுள் பெரும்பாலோருக்கு வாக்கே இல்லை. மண்ணில் உழைப்பார்கள், ஏட்டில் இருக்கமாட்டார்கள். இருந்தும் இல்லாதவரை ஆவி என்று சொல்வதானால், மலைநாட்டில் ஆவிகள் எங்கே இருந்தன? பங்களாவிலா, லயத்திலா? அந்நிலை முழுவதும் நீங்குதற்கு 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அம்மக்களுக்கும் தெய்வமும் பேயும் உண்டு. தொழிற்சாலை இயந்திரத்தைக் காப்பவர் ரோதை முனி. மாசி மாதத்தில் காமன் கூத்து நிகழும். எரிந்த மன்மதனுக்காக ரதி புலம்பும்போது தோட்டமே கண்ணீர் வடிக்கும். மாண்ட கணவனை மீட்டுத் தரும்படி மனைவி மன்றாடும் அக்கூத்தைவிடச் சிறந்த காதற் கதை எது? கோப்பிக் காலத்தில் தலைமன்னாரிலிருந்து காட்டு வழியே நடந்து வந்து, நோயால் வழியிலேயே விழுந்த எத்தனையோ பேருக்குச் சமாதிக் கல் கிடையாது. எஜமானருக்குக் கல்லறை, இவர்களுக்குக் கதையிலும் இடமில்லை.

தமிழில் இக்குறையைத் தீர்க்க முயன்றவர் உண்டு. புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' இலங்கைத் தேயிலைத் தோட்டத்துப் பெண்ணின் அவலத்தைக் காட்டியது. கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' கடல் கடந்து வந்த தோட்டத் தொழிலாளரின் வாழ்வை நாவலாக்கிற்று. பேயின் துணையின்றியே அவை நெஞ்சை நடுங்கச் செய்கின்றன.

அப்படியானால் 'யானைத் தடம்' தள்ளத்தக்க நூலா? அன்று. ஒருவன் வழியை மறித்து மற்றொருவன் எழுப்பும் மாளிகை நிலைக்காது என்ற உண்மையை அது உணர்ந்திருக்கிறது. ஆனால் யானையின் வழியை மட்டும் கண்டது, மனிதனின் வழியைக் காணவில்லை. அதன் குறை அதுவே. மூன்று வாசகரின் தீர்ப்பும் ஒன்று சேர்ந்தாலன்றி நூலின் மதிப்பு முழுமை பெறாது. ஹட்டனிலோ மஸ்கெலியாவிலோ எழுதத் தொடங்கும் இளைஞர் ஒருவர், பங்களாவின் விளக்கையும் லயத்தின் விளக்கையும் ஒருங்கே காட்டும் மர்மக் கதையொன்றை எழுதுவாராயின், அந்த மூவரும் ஒரே குரலில் அதனை வரவேற்பர். அந்தக் கதையில் இறந்தவர் பேசட்டும். ஆனால் அவர்கள் எல்லோரும் பேசட்டும்.